ஜெயிச்சும் நஷ்டமா? 'வார் தண்டர்' கேமர்கள் கொதித்தது ஏன்... ஒரு ரிவியூ எப்படி ஆயுதமானது?

அரை மணி நேரம் உயிரைக் கொடுத்து விளையாடுறீங்க. எதிரியின் டாங்கிகள் இரண்டை வீழ்த்தியாச்சு. ஸ்கோர் போர்டில் பெயர் நல்ல இடத்தில்தான் இருக்கு. ஆட்டம் முடிந்து கணக்கைப் பார்த்தால், உள்ளே போகும்போது கையில் இருந்த காசைவிட இப்போது குறைவாக இருக்கிறது. உங்கள் டாங்கியைப் பழுது பார்த்த செலவு, நீங்கள் சம்பாதித்ததை விழுங்கிவிட்டது.

கேம்தானே, பொய்க் காசுதானே என்று தோன்றலாம். ஆனால் 2023 மே மாதம், இந்தப் பொய்க் காசுக்காகத்தான் உலகம் முழுக்க 'வார் தண்டர்' கேமர்கள் ஒன்று சேர்ந்தார்கள். கேமை விற்கும் ஸ்டீம் தளத்தில் நெகட்டிவ் ரிவியூக்களைக் கொட்டினார்கள். அறிவித்த மாற்றத்தை நிறுவனம் வாபஸ் வாங்கியது. அப்போதும் கோபம் அடங்கவில்லை.

அப்படி என்னதான் நடந்தது? கேமுக்குள் இருக்கும் பொருளாதாரம் எப்படி இயங்குகிறது? ரிவியூ போட்டால் நிறுவனம் இறங்கி வருமா? விரிவாகப் பார்க்கலாம்.

வார் தண்டர்: என்ன கேம் இது?

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கைஜின் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் கேம் இது. 2012-ல் பொதுச் சோதனைக்கு வந்தது. விமானம், டாங்கி, போர்க்கப்பல், ஹெலிகாப்டர் என்று நிஜத்தில் இருந்த, இருக்கிற போர் வாகனங்களை வைத்து மற்ற வீரர்களோடு மோதும் ஆன்லைன் கேம்.

இதன் வீரர்கள் எவ்வளவு தீவிரமானவர்கள் என்பதற்கு ஓர் உதாரணம். 2021-ல் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கி கேமில் சரியாக வடிவமைக்கப்படவில்லை என்று வாதாடிய ஒருவர், தன் தரப்பை நிரூபிக்க நிஜ ராணுவக் கையேட்டின் பக்கங்களையே இணையத்தில் போட்டுவிட்டார். அதன் பிறகும் வேறு நாட்டு ராணுவ ஆவணங்கள் இதே போல வெளியாகி செய்தியானது. ஒரு டாங்கியின் இரும்புத் தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று மாதக்கணக்கில் சண்டை போடுகிற கூட்டம் இது. விலைப்பட்டியலில் கை வைத்தால் சும்மா விடுமா?

கேமை டவுன்லோடு செய்ய ஒரு ரூபாய்கூட வேண்டாம். முழுக்க இலவசம். அப்படியானால் நிறுவனத்துக்கு வருமானம்? அங்கேதான் கேமின் பொருளாதாரம் வருகிறது.

கேமுக்குள் எத்தனை காசு?

வார் தண்டரில் முக்கியமாக மூன்று விஷயங்கள் கையில் புழங்குகின்றன.

சில்வர் லயன்: இது அன்றாடச் செலவுக்கான காசு. சண்டை போட்டுச் சம்பாதிக்க வேண்டும். புது வாகனம் வாங்க, குண்டுகள் நிரப்ப, அடிபட்ட வாகனத்தைப் பழுது பார்க்க எல்லாவற்றுக்கும் இதுதான்.

ரிசர்ச் பாயின்ட்: இது படிக்கட்டு. ஒரு நாட்டின் பழைய டாங்கியில் ஆரம்பித்து நவீன டாங்கி வரை போக, ஒவ்வொரு வாகனத்தையும் 'ஆராய்ந்து' திறக்க வேண்டும். அதற்கு இந்தப் புள்ளிகள் தேவை. இதுவும் விளையாடினால்தான் வரும்.

கோல்டன் ஈகிள்: இதை நிஜப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். இதை வைத்து பிரீமியம் கணக்கு எடுத்தால் ஒவ்வொரு சண்டையிலும் வருமானம் கூடும். பிரீமியம் வாகனங்கள் வாங்கினால் இன்னும் வேகமாக மேலே போகலாம்.

பிஜிஎம்ஐ-யில் யூசி, ஃப்ரீ ஃபயரில் டைமண்ட் என்று டாப்-அப் செய்தவர்களுக்கு இந்த மூன்றாவது வகை நன்றாகவே புரியும். வித்தியாசம் ஒன்று உண்டு. அந்த கேம்களில் பெரும்பாலும் உடை, துப்பாக்கியின் நிறம் போன்ற அலங்காரத்துக்குத்தான் காசு போகும். வார் தண்டரில் காசு வாங்கித் தருவது நேரம்.

காசு கொடுக்காதவர் மாதக்கணக்கில் ஏறும் படியை, காசு கொடுத்தவர் சீக்கிரம் ஏறிவிடுவார். நிறுவனம் விற்கும் சரக்கே இந்த வேகம்தான். வேகம் விலை போக வேண்டுமானால், காசு கொடுக்காதவர்களின் பாதை கொஞ்சம் கடினமாக இருந்தாக வேண்டும். எவ்வளவு கடினம் என்பதில்தான் மொத்தப் பிரச்னையும் இருக்கிறது.

பழுதுச் செலவு எதற்கு? நிறுவனம் தரப்பு என்ன?

"சும்மா விளையாட விடலாமே, பழுதுச் செலவு எதற்கு?" என்று கேட்கலாம். இதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு.

கேம் பொருளாதாரத்தை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டையில் கிடைக்கும் பரிசு, தொட்டிக்குள் தண்ணீர் விடும் குழாய். பழுதுச் செலவு, வரி, கட்டணம் எல்லாம் தண்ணீரை வெளியேற்றும் வடிகால். குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்து வடிகால் இல்லாமல் போனால் தொட்டி நிரம்பி வழியும். எல்லார் கையிலும் கோடிக்கணக்கில் காசு இருக்கும். ஆனால் அந்தக் காசுக்கு மதிப்பு இருக்காது.

இது வெறும் கற்பனை இல்லை. 2013 மே மாதம் பிளிசார்ட் நிறுவனத்தின் 'டயாப்ளோ 3' கேமில் நடந்தது. புதிய அப்டேட்டில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தி சிலர் கேமின் தங்கத்தைப் பல மடங்காகப் பெருக்கிவிட்டார்கள். வீரர்கள் ஒருவருக்கொருவர் பொருள் விற்றுக்கொள்ளும் ஏலச் சந்தையையே நிறுவனம் தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று. நிஜப் பணத்துக்கும் பொருள் விற்க வழி வைத்திருந்த அந்தச் சந்தை, கேமின் சுவாரஸ்யத்தையே கெடுக்கிறது என்று சொல்லி 2014 மார்ச்சில் நிரந்தரமாக மூடப்பட்டது.

இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்றால், ஐஸ்லாந்தின் சிசிபி கேம்ஸ் நிறுவனம் 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி கேமுக்காக 2007-ல் முனைவர் பட்டம் பெற்ற பொருளாதார நிபுணரையே வேலைக்கு எடுத்தது. கேமுக்குள் விலைவாசி எப்படி ஏறுகிறது, இறங்குகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை.

ஆக, வடிகால் தேவைதான். ஆனால் ஒரு நாட்டின் பொருளாதாரத்துக்கும் கேமின் பொருளாதாரத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. கேமில் குழாயைத் திருகுபவரும் ஒருவரே, வடிகாலைத் திறப்பவரும் அவரே, "தாகமா இருக்கா, தண்ணீர் பாட்டில் வேணுமா?" என்று பக்கத்திலேயே கடை போட்டிருப்பவரும் அவரேதான்.

வடிகால் பெரிதானால் தொட்டி நிரம்பாமல் இருக்கும். கூடவே கடையில் வியாபாரமும் நடக்கும். நிறுவனம் ஒரு செலவை ஏற்றும்போது அது பொருளாதாரத்தைக் காக்கவா, பிரீமியம் விற்கவா என்று வெளியில் இருப்பவர்களால் உறுதியாகச் சொல்லவே முடியாது. சந்தேகம் பிறக்கும் இடம் இதுதான்.

அப்போ, கேமர்களின் கோபம் என்ன?

வார் தண்டரில் இந்தக் கோபம் ஒரே நாளில் வந்ததில்லை. வருடக்கணக்கில் சேர்ந்தது. முக்கியமான புகார்கள் மூன்று.

முதலாவது, நஷ்டம். மேல்மட்ட வாகனங்களின் பழுதுச் செலவு அதிகம். பிரீமியம் இல்லாதவர் ஓரளவு நன்றாக விளையாடினாலும் சில்வர் லயன் கணக்கு மைனஸில் போகும். காசு தீர்ந்தால் கீழ்மட்டத்துக்கு இறங்கி, பழைய வாகனங்களில் விளையாடிச் சம்பாதித்துக்கொண்டு மீண்டும் மேலே வர வேண்டும். வாரக்கணக்கில் பாடுபட்டு வாங்கிய டாங்கியை ஓட்டவே பயம்.

இரண்டாவது, அரைகுறை வாகனம். கஷ்டப்பட்டு ஒரு டாங்கியை வாங்குகிறார்கள். ஆனால் களத்தில் சக்கரப் பட்டை அறுந்தால் சரிசெய்யும் உதிரிபாகமும், தீப்பிடித்தால் அணைக்கும் கருவியும் அதில் இருக்காது. அவற்றையும் தனியாக விளையாடித் திறக்க வேண்டும். அதுவரை தீப்பிடித்தால் எரிந்து சாக வேண்டியதுதான். "பைக்கை வாங்கிட்டேன், பிரேக்குக்கு இன்னும் ரெண்டு வாரம் உழைக்கணும்" என்பது போன்ற நிலை.

மூன்றாவது, தூரம். புதிதாக வருபவர் ஒரு நாட்டின் வாகன வரிசையில் உச்சிக்குப் போக நூற்றுக்கணக்கான மணி நேரம் விளையாட வேண்டும். நிறுவனமோ உச்சியில் புதுப்புது வாகனங்களைச் சேர்த்துக்கொண்டே போனது. ஏற ஏற ஏணி நீண்டது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். இந்த கேமில் வீரர்கள் போட்ட முதலீடு பணம் மட்டும் இல்லை. வேலை முடிந்து வந்து, தூக்கத்தைக் குறைத்து, விடுமுறை நாளில் உட்கார்ந்து செலவழித்த நேரம் அது. பரிசைக் குறைத்தோ செலவை ஏற்றியோ நிறுவனம் ஒரு மாற்றம் செய்தால், இனி விளையாடப் போகும் நேரத்தோடு அது நிற்காது. ஏற்கனவே விளையாடி முடித்த நேரத்தின் மதிப்பும் சேர்ந்து குறைகிறது. சேமிப்புக் கணக்கில் கை வைத்தது போன்ற கோபம் அதனால்தான் வருகிறது.

2023 மே மாதம் என்ன நடந்தது?

இந்தப் புகைச்சலுக்கு நடுவில்தான், மே மாத நடுவில் பொருளாதார மாற்றங்கள் குறித்த அறிவிப்பை கைஜின் வெளியிட்டது. வாகனங்களின் பழுதுச் செலவையும் வெகுமதியையும் திருத்தும் திட்டம் அது. பல வாகனங்களுக்கு, குறிப்பாக மேல்மட்டத்தில், செலவு கூடி வரவு குறையும் என்பதை வீரர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள்.

அவ்வளவுதான். யூடியூபில் பிரபல வார் தண்டர் வீரர்கள் வீடியோ போட்டார்கள். ஸ்டீம் பக்கத்தில் 'பரிந்துரைக்க மாட்டேன்' என்ற ரிவியூக்கள் குவியத் தொடங்கின.

சில நாட்களிலேயே அந்த மாற்றத்தைக் கைவிடுவதாக நிறுவனம் சொன்னது. வழக்கமாக விஷயம் இங்கே முடிந்திருக்கும். ஆனால் இந்த முறை வீரர்கள் அதை ஏற்கவில்லை. "புதுசா அடிக்க மாட்டேன்னு சொல்றது இருக்கட்டும், ஏற்கனவே இருக்கிற வலிக்கு என்ன பதில்?" என்பதே அவர்கள் கேள்வி. மாற்றம் வேண்டாம் என்று தொடங்கிய போராட்டம், பழைய நிலைமையும் வேண்டாம் என்று திசை மாறியது. ரிவியூக்கள் நிற்கவில்லை. கூடவே ஒரு நாள் முழுக்க கேமைத் திறக்காமல் புறக்கணிப்போம் என்ற அழைப்பும் பரவியது.

அடுத்து நிறுவனம் இன்னொரு படி இறங்கி வந்தது. நெகட்டிவ் ரிவியூ கேமைப் பாதிக்கிறது, அதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. என்னென்ன மாற்றப்போகிறோம் என்ற முழுத் திட்டத்தை ஜூன் மாதத்தில் வெளியிடுவதாகவும் உறுதி கொடுத்தது.

ஒரு ரிவியூவுக்கு ஏன் இவ்வளவு பலம்?

ஸ்டீம் என்பது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் நடத்தும் கணினி கேம் கடை. இங்கே ஐந்து நட்சத்திர முறை கிடையாது. கட்டை விரல் மேலே, இல்லையென்றால் கீழே. இரண்டில் ஒன்று. மொத்தத்தில் எத்தனை சதவீதம் பேர் பரிந்துரைக்கிறார்கள் என்பதை வைத்து, கேமின் பெயருக்குக் கீழே ஒரு வரி வரும். 'அமோக வரவேற்பு' என்பதில் தொடங்கி 'கலவையானது', 'பெரும்பாலும் எதிர்மறை' என்று கீழே இறங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு மதிப்பெண்கள் தனித்தனியாகக் காட்டப்படுகின்றன. ஒன்று, கேம் வந்த நாளிலிருந்து மொத்தம். மற்றொன்று, கடைசி 30 நாட்களுக்கு மட்டும். பத்து வருடம் நல்ல பெயர் எடுத்த கேமாக இருந்தாலும், ஒரு மாதக் கோபம் அந்த இரண்டாவது வரியைச் சிவப்பாக்கிவிடும். முதன்முதலாக கேமைப் பார்க்க வருபவர் கண்ணில் அதுதான் படும்.

இலவச கேமுக்கு இது ஏன் வலிக்கிறது? வருகிறவர்களில் ஒரு சின்னப் பகுதிதான் காசு செலவழிக்கும். மற்றவர்கள் போட்டிக்கு ஆள் சேர்ப்பவர்கள். எதிரே ஆள் இல்லாமல் ஆன்லைன் கேம் நடக்காது. அதனால் புது ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். கடையின் வாசலில் நின்று, "உள்ளே போகாதீங்க" என்று பழைய வாடிக்கையாளர்களே சொன்னால் கடைக்காரருக்கு எப்படி இருக்கும்? அதேதான் இங்கேயும்.

இன்னொன்றும் உண்டு. ரிவியூ எழுதியவர் அந்த கேமை எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறார் என்பது பக்கத்திலேயே தெரியும். அரை மணி நேரம் விளையாடியவர் திட்டினால் தள்ளிவிடலாம். ஆயிரம் மணி நேரம் விளையாடியவர் "வராதீங்க" என்று சொன்னால் யோசிக்கத் தோன்றும்.

இது நியாயமான போராட்டமா?

இதில் இரண்டு பக்கமும் பேச விஷயம் இருக்கிறது.

கும்பலாகச் சேர்ந்து மதிப்பெண்ணைக் குறைப்பதை 'ரிவியூ பாம்பிங்' என்கிறார்கள். சில நேரம் இதற்கும் கேமுக்கும் சம்பந்தமே இருக்காது. கேமை உருவாக்கியவர் ட்விட்டரில் சொன்ன கருத்துக்காகக்கூட ரிவியூவில் பழிவாங்குவார்கள். இதைச் சமாளிக்க, எந்த நாளில் எத்தனை ரிவியூ விழுந்தது என்று காட்டும் வரைபடத்தை ஸ்டீம் 2017 செப்டம்பரில் கொண்டுவந்தது. 2019 மார்ச்சில் இன்னொரு படி போய், விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத ரிவியூ வெள்ளம் என்று முடிவானால் அந்தக் காலகட்டத்து ரிவியூக்களை மதிப்பெண் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று அறிவித்தது.

இந்தியாவில் பலருக்கு நினைவிருக்கும் உதாரணம், 2020 மே மாதம் நடந்த யூடியூபர் - டிக்டாக்கர் சண்டை. டிக்டாக் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் போடச் சொல்லி அலை கிளம்பியது. ப்ளே ஸ்டோரில் அதன் மதிப்பெண் தரைமட்டமானது. பிறகு லட்சக்கணக்கான ரிவியூக்களை கூகுள் நீக்கியதும் மதிப்பெண் மீண்டும் ஏறியது.

வார் தண்டர் கதை அப்படிப்பட்டதா? இல்லை என்றே சொல்ல வேண்டும். திட்டியவர்கள் கேமை விளையாடுபவர்கள். திட்டிய காரணம் கேமுக்குள் இருக்கும் விலை. ஒரு ஹோட்டலில் சாப்பாட்டு விலையைப் பற்றி அங்கே சாப்பிடுபவர் சொல்லும் கருத்து, விமர்சனம்தானே?

அதேநேரம், இதன் அடி எல்லார் மேலும் ஒரே மாதிரி விழாது என்பதும் உண்மை. விலையை முடிவு செய்பவர்கள் சிலர். மதிப்பெண் சரிந்தால் டாங்கியை வரைந்தவர், சத்தத்தைப் பதிவு செய்தவர், வீரர்களின் கோபத்துக்குப் பதில் எழுதும் ஊழியர் எல்லாருக்கும் சேர்ந்தே அடி விழுகிறது. விலையை எதிர்ப்பது வேறு, ஊழியரை மிரட்டுவது வேறு. இந்தக் கோடு தாண்டப்பட்டால் நியாயமான கோரிக்கையும் வலுவிழந்துவிடும்.

முன்பும் இப்படி நடந்திருக்கிறதா?

நிறையவே. இரண்டு சம்பவங்கள் கேம் உலகில் இன்றும் பேசப்படுகின்றன.

முதலாவது, மேலே சொன்ன ஈவ் ஆன்லைன். 2011 ஜூனில் வந்த 'இன்கார்னா' அப்டேட்டில் ஓர் அலங்காரக் கடை திறக்கப்பட்டது. அதில் ஒற்றைக் கண்ணில் மாட்டும் கண்ணாடி ஒன்றின் விலை, நிஜக் காசில் 60 டாலருக்கும் மேல். மாதச் சந்தா கட்டி விளையாடும் கேமில் இப்படி ஒரு விலை! அந்த நேரம் பார்த்து நிறுவனத்தின் உள் இதழ் ஒன்று கசிந்தது. 'பேராசை நல்லதா?' என்பது அதன் தலைப்பு. எரியும் தீயில் எண்ணெய் ஊற்றியதுபோல ஆனது.

வீரர்கள் கேமுக்குள்ளேயே போராடினார்கள். ஜிட்டா என்ற வணிக மையத்துக்கு விண்கலங்களில் கூட்டம் கூட்டமாகப் போய், அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டுத் தள்ளினார்கள். பலர் சந்தாவை ரத்து செய்தார்கள். வீரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் குழு ஒன்று அந்த கேமில் உண்டு. நிறுவனம் அந்தக் குழுவை ஐஸ்லாந்து தலைநகர் ரெய்க்யவிக்குக்கு வரவழைத்து அவசரமாகப் பேசியது. அந்த அக்டோபரில் தலைமை நிர்வாகி ஹில்மர் பீட்டர்சன் வீரர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். அதே மாதம் நிறுவனம் சுமார் 20 சதவீத ஊழியர்களை வேலையை விட்டு நீக்கியது. ஒரே நேரத்தில் பல கேம்களில் காலை வைத்ததும் அதற்கு முக்கியக் காரணம். என்றாலும், மேலே இருப்பவர்களின் தவறான கணக்குக்கு விலை கொடுத்தது கீழே இருந்தவர்கள்தான்.

இரண்டாவது, 2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2'. இது இலவச கேம் இல்லை. முழு விலை கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் வாங்கிய பிறகும், ஸ்டார் வார்ஸின் புகழ்பெற்ற வில்லன் டார்த் வேடராக விளையாட 60,000 கிரெடிட் தேவைப்பட்டது. இதற்கு சுமார் 40 மணி நேரம் விளையாட வேண்டும் என்று ஒரு வீரர் கணக்குப் போட்டுச் சொன்னார்.

ரெடிட் தளத்தில் நிறுவனம் இதற்கு விளக்கம் கொடுத்தது. நாயகர்களைத் திறக்கும்போது வீரர்களுக்குப் பெருமிதமும் சாதித்த உணர்வும் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றது அந்தப் பதில். அந்த ஒரு பதிலுக்கு 6.6 லட்சத்துக்கும் அதிகமான எதிர் ஓட்டுகள் விழுந்தன. ரெடிட்டில் மிக அதிக எதிர்ப்பைப் பெற்ற பதிவு என்று கின்னஸ் புத்தகத்திலும் இடம்பிடித்தது.

உடனே விலை 75 சதவீதம் குறைந்து 15,000 ஆனது. ஆனால் கதைப் பகுதியை முடித்தால் கிடைக்கும் பரிசையும் 20,000-லிருந்து 5,000 ஆகக் குறைத்திருந்தார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்த கதையை வீரர்கள் உடனே பிடித்துவிட்டார்கள். கடைசியில், கேம் வெளியாவதற்கு முந்தைய நாள், நிஜப் பணத்துக்கு வாங்கும் வசதியே முழுதாக நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு அது திரும்பி வந்தபோது, அலங்காரப் பொருட்களுக்கு மட்டும் என்று சுருங்கியிருந்தது.

வார் தண்டரில் கடைசியில் என்ன மாறியது?

சொன்னபடி ஜூனில் திட்டம் வெளியானது. 2023 கோடைகாலத்தில் மாற்றங்கள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தன. பழுதுச் செலவு, களத்தில் வாகனம் இருந்த நேரத்தைப் பொறுத்து மாறும் என்றானது. அதாவது, உள்ளே போன உடனே அடிபட்டு வெளியே வந்தால் முழுச் செலவும் தலையில் விழாது. வாகனங்களைத் திறக்கத் தேவையான புள்ளிகள் பல இடங்களில் குறைந்தன. வருடக்கணக்கில் புகார் சொல்லப்பட்ட உதிரிபாகம், தீயணைப்புக் கருவி விஷயத்திலும் சலுகை வந்தது.

எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. நேரத்தை விற்கும் அடிப்படை அப்படியே இருக்கிறது. இலவச கேம் என்பதால் அது மாறவும் வாய்ப்பில்லை. ஏணியின் உச்சி இன்னமும் தூரம்தான். ஆனால் காலில் குத்திய சில முட்கள் எடுக்கப்பட்டன. அதுவும், ஒரு மாத ரிவியூ அலைக்குப் பிறகு.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டா?

ஓரளவு மட்டும். பேட்டில்ஃபிரன்ட் சர்ச்சைக்குப் பிறகு, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் 'லூட் பாக்ஸ்' பெட்டிகளை பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் ஆராய்ந்தது. 2018 ஏப்ரலில், மூன்று பிரபல கேம்களின் பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாகச் சொன்னது. அவற்றில் ஒன்று ஃபிஃபா 18. விளைவாக 2019 தொடக்கத்தில் ஃபிஃபா பாயின்ட் விற்பனை பெல்ஜியத்தில் நிறுத்தப்பட்டது.

ஆனால் அது சூதாட்டம் சம்பந்தப்பட்டது. பழுதுச் செலவை ஏற்றுவது சூதாட்டம் ஆகாது. விலையை மாற்றும் உரிமை நிறுவனத்திடமே இருக்கிறது. கேமை இன்ஸ்டால் செய்யும்போது யாரும் படிக்காமல் 'சம்மதம்' தட்டுகிறோமே, அந்த நிபந்தனைகளில் இது இருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டாங்கிகூட உங்கள் சொத்து இல்லை. அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே உங்களுடையது. இதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் சட்டம் போட்டு, அது 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஸ்டீம் தளமும் பணம் கட்டும் பக்கத்தில் இந்த அறிவிப்பைக் காட்டத் தொடங்கியது.

கோர்ட்டுக்குப் போக வழியில்லை, சொத்துரிமை இல்லை, ஓட்டுரிமை பெரும்பாலான கேம்களில் இல்லை. அதனால்தான் கையில் இருக்கும் கட்டை விரலைக் கீழே காட்டுகிறார்கள்.

டாப்-அப் செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

* மொத்த மதிப்பெண்ணோடு, கடைசி 30 நாள் மதிப்பெண்ணையும் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் சமீபத்தில் ஏதோ நடந்திருக்கிறது.

* அதிக நேரம் விளையாடியவர்களின் நெகட்டிவ் ரிவியூவைப் படியுங்கள். கேம் எங்கே கசக்கத் தொடங்கும் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.

* காசு எதற்குப் போகிறது என்று பாருங்கள். அலங்காரத்துக்கா, வேகத்துக்கா, ஜெயிப்பதற்கா? வேகத்தை விற்கும் கேமில், வேகம் குறையும்போதெல்லாம் மறுபடி காசு கேட்கும்.

* விலை, பரிசு எல்லாம் நாளையே மாறலாம். இன்று கொடுக்கும் காசு இன்றைய பொழுதுபோக்குக்கு என்று நினைத்தால் மட்டும் கொடுங்கள்.

ஈவ் ஆன்லைன், பேட்டில்ஃபிரன்ட், வார் தண்டர் மூன்றிலும் நிறுவனங்கள் இறங்கி வந்தன. மூன்றிலும் முதல் பதில் வேலைக்கு ஆகவில்லை என்பதையும் கவனிக்கலாம். விலையைக் குறைத்தார்கள், மாற்றத்தை நிறுத்தினார்கள், விளக்கம் சொன்னார்கள். வீரர்கள் அசையவில்லை. "நாங்கள் போட்ட நேரத்துக்கு என்ன மரியாதை?" என்ற கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் சத்தம் குறைந்தது. கேமில் இருப்பது பொய்க் காசாக இருக்கலாம். அதைச் சம்பாதிக்கப் போன இரவுகள் நிஜமானவை.